நாலாம் நம்பர் லைன்

வாருங்கள் தம்பி, உள்ளே வாருங்கள். செருப்பை உள்ளேயே விடுங்கள். வெளியே விட்டால் இந்தத் தெரு நாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும், ஒன்றை வைத்துவிட்டுப் போகும். மிச்சமிருக்கும் ஒற்றைச் செருப்போடு நீங்கள் உறையூர் முழுக்கத் தேட வேண்டும்.

ஒன்பது மணி என்று சொன்னேன், ஒன்பதுக்கு வந்துவிட்டீர்கள். நேரம் தவறாத ஆளை எனக்குப் பிடிக்கும். விளம்பரம் கொடுத்தது நான்தான். எதிர்வீட்டு ரெஜினாவின் மகள் போனில் ஏற்றிக் கொடுத்தாள், ஆனால் வாசகம் என்னுடையது. 'ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்று, ஸ்பீக்கர் ஐந்து. நல்ல நிலை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மட்டும் வந்து பார்க்கலாம்.' அது என்ன ஞாயிறு ஒன்பது மணிக்கு மட்டும் என்று ரெஜினாவும் கேட்டாள். எனக்கு அந்த நேரம்தான் வசதி. அவ்வளவுதான்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் கே.கே.நகருக்குப் போயிருக்கிறார். இன்றைக்கு அங்கே என் மகன் குடிபோகிறான். வாடகை வீடு. பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் பால் காய்ச்ச வேண்டும். நான் போகவில்லை. எப்படிப் போவது? பொருளைப் பார்க்க ஆள் வருகிறது என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தால் நீங்கள் கதவைத் தட்டிவிட்டு என்ன நினைத்திருப்பீர்கள்?

உட்காருங்கள். காபி போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பெயர் காஜா என்றுதானே போனில் சொன்னீர்கள்? தண்ணீர் கேன் போடுகிற தொழில் என்றீர்கள். வாசலில் நிற்கிற குட்டியானை வண்டி உங்களுடையதா? நல்லது. ஐந்து ஸ்பீக்கரையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போக முடியாதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதோ, இதுதான் அது. ரிசீவர் என்றால் வேறொன்றும் இல்லை. டிவியோ, தட்டு போடுகிற பெட்டியோ, எது கொடுத்தாலும் அதன் சத்தத்தை வாங்கி, பெரிதாக்கி, ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. வாங்கியது என் மகன் பிரசன்னா. வேலையில் சேர்ந்து முதல் போனஸ் வந்தபோது வாங்கினான். வாங்கியது அவன்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் இணைத்தது யார்? அதைக் கேளுங்கள்.

பின்பக்கம் எட்டிப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக ஓட்டைகள் தெரிகின்றனவா? சிவப்பு வலது பக்கச் சத்தம், வெள்ளை இடது பக்கச் சத்தம். ஒரு சாமானுக்கு ஒரு ஜோடி வேண்டும். எத்தனை ஜோடி இருக்கிறது? இரண்டு. எண்ணிப் பாருங்கள், இரண்டே இரண்டுதான். இந்த வீட்டில் சாமான் எத்தனை? நான்கு. டிவி, அதில் அவர் செய்தி பார்ப்பார். டிவிடி பிளேயர், அது என்னுடையது. பட்டிமன்றத் தட்டு அறுபது வைத்திருக்கிறேன். மூன்றாவது பிரசன்னாவின் வீடியோ கேம் பெட்டி. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் சாயங்காலமானால் உட்கார்ந்து யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பான். நான்காவது மருமகள் தாரணியின் போன். அவள் பாட்டெல்லாம் போனில்தான்.

நான்கு பேருக்கும் தங்கள் தங்கள் சத்தம் பெரிய ஸ்பீக்கரில்தான் வர வேண்டும். ஓட்டை இரண்டு. தினமும் யாராவது ஒருவர் மேசைக்குப் பின்னால் குனிந்து, ஒரு வயரைப் பிடுங்கி, இன்னொன்றைச் செருகிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கினவர் போட்டுவிட்டுப் போய்விடுவார். அடுத்து வருபவர் கத்துவார்.

பிரசன்னா சொன்னான்: "இது பழசும்மா. புதுசு ஒண்ணு வாங்கிடலாம். அறுபதாயிரம் ஆகும். பின்னாடி எட்டு ஓட்டை இருக்கும், எல்லாத்தையும் செருகிக்கலாம்."

"ரெண்டு ஓட்டை பத்தலைன்னு அறுபதாயிரமா? சட்டையில ரெண்டு பட்டன் போச்சுன்னா புதுச் சட்டையா எடுப்பே?" என்றேன்.

என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். கடைவீதிக்குப் போய், இரண்டு வாயும் ஒரு வாலும் உள்ள வயர் ஒன்றை நாற்பது ரூபாய்க்கு வாங்கி வந்தார். இரண்டு சாமானை ஒரே ஓட்டையில் சேர்க்கிற வயர். "பாத்தியா, நாற்பது ரூபாயில முடிஞ்சுது" என்று மாட்டினார். அன்று மாலை செய்தி வாசிக்கிற பெண் 'டெல்டா மாவட்டங்களில் கனமழைக்கு வாய்ப்பு' என்று சொல்லும்போது பின்னாலேயே டமால் டமால் என்று துப்பாக்கி. இரண்டு சத்தமும் கலந்து வருகிறது. அதோடு முடியவில்லை. ஒரு சாமானின் சத்தம் இன்னொரு சாமானுக்குள் ஏறி இறங்கி, இரண்டுமே தேய்ந்து போயின.

நான் சிரித்தேன். எனக்குத் தெரியும் தம்பி, இதற்குப் பெயர் கிராஸ் டாக். ஒருவர் லைனில் இன்னொருவர் பேச்சு விழுவது. நான் முப்பத்தேழு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். பாதி நாள் வெளியூர் கால் போடுகிற டிரங்க் போர்டில். நாற்பது ஓட்டை முன்னால் இருக்கும், கையில் வயர் இருக்கும். கும்பகோணம் கேட்டால் கும்பகோணம், சேலம் கேட்டால் சேலம். இரண்டு வயரை ஒரே ஓட்டையில் செருகுவேனா? செருகியிருந்தால் ஒரு வீட்டுச் சாவுச் செய்தி இன்னொரு வீட்டுக் கல்யாணப் பேச்சில் விழுந்திருக்கும். லைன்களைச் சேர்க்கக் கூடாது. மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர். இதுதான் விஷயமே. என் மகன் இன்ஜினீயர், அவனுக்கு இது தோன்றவில்லை.

சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு சந்தில் பழைய சாமான் ரிப்பேர் செய்கிற கடை இருக்கிறது. அங்கே போய், "நாலு பேர் உள்ளே வரணும், ஒருத்தர் வெளியே போகணும். அப்படி ஒரு பெட்டி கொடுங்க" என்றேன். கடைக்காரர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, மேல்தட்டிலிருந்து தூசி தட்டி இதை எடுத்துக் கொடுத்தார். நானூற்று ஐம்பது ரூபாய். பாருங்கள், கையில் எடுத்துப் பாருங்கள். பின்னால் நான்கு ஜோடி ஓட்டை. அதில் நான்கு சாமானும் வந்து சேரும். ஐந்தாவது ஜோடியிலிருந்து ஒரே ஒரு வயர் ரிசீவருக்குப் போகும். முன்னால் நான்கு பட்டன். ஒன்றை அமுக்கினால் அந்த லைன் மட்டும் சேரும், மற்ற மூன்றும் விட்டுவிடும். கரண்ட்கூட வேண்டாம். உள்ளே வெறும் தகடுகள்தான்.

போனில் ஓட்டை இல்லையே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு புளூடூத் குமிழ் வாங்கினேன். காரில் மாட்டுவது. எங்களிடம் கார் இல்லை, ஆனால் கார்க் குமிழ்தான் விலை குறைவு, முந்நூறு ரூபாய். போன் காற்றிலேயே இதோடு பேசும். இதன் வாலை நாலாம் ஓட்டையில் செருகியிருக்கிறேன். ஒரு தடவை ஜோடி சேர்த்துவிட்டால் போதும். அந்தப் போன் வீட்டுக்குள் எங்கே இருந்தாலும் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். "வேண்டாதப்ப இதை அணைச்சு வைம்மா" என்றான் பிரசன்னா. எக்ஸ்சேஞ்சை யாராவது அணைத்து வைப்பார்களா?

ஆக எழுநூற்று ஐம்பது ரூபாய். அறுபதாயிரம் எங்கே, எழுநூற்று ஐம்பது எங்கே. "சுத்திச் சுத்திச் சத்தம் வர்ற எஃபெக்ட் இதுல வராதும்மா" என்றான். ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதா இல்லையா? வருகிறது. பிறகு எதற்குச் சுற்ற வேண்டும்?

சர்க்கரை போதுமா தம்பி?

அது என் போன்தான். அடிக்கட்டும். விடுங்கள்.

பெட்டி வந்துவிட்டது, நான்கு லைனும் வந்துவிட்டது. ஆனால் ஆள் வேண்டாமா? நான்கு பேர் நான்கு பட்டனை அமுக்கினால் பழைய கதைதான். அதனால் நான் பார்த்துக்கொண்டேன். ஒரு நோட்டுப் போட்டேன். யாருக்கு எத்தனை மணிக்கு எந்த லைன் வேண்டுமோ முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நான் எழுதிக்கொள்வேன். நேரத்துக்கு நானே பட்டனை மாற்றிவிடுவேன். உங்கள் வயதுக்கு டிரங்க் கால் தெரிந்திருக்காது. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதில் மூன்று தரம். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங். ஆர்டினரி என்றால் வரிசைப்படி. அர்ஜென்ட் என்றால் வரிசையில் முன்னால். லைட்னிங் என்றால் யார் பேசிக்கொண்டிருந்தாலும் முதலில் அவர்களுக்கு. வீட்டிலும் அப்படியே வைத்தேன். லைட்னிங் தேர்தல் முடிவுக்கும் கடைசி ஓவருக்கும் மட்டும்.

நேரம் முடிந்தால் திடுமென்று வெட்ட மாட்டேன். அது மரியாதை இல்லை. பக்கத்தில் போய் நின்று, "நேரம் முடிஞ்சுது. தொடரலாமா?" என்று கேட்பேன். வேறு யாரும் பதிவு செய்யாவிட்டால் தொடரலாம். நான்கு மாதம் ஒரு சண்டை கிடையாது தம்பி. ஒரு சத்தம் கிடையாது. அவர் செய்தியைக்கூட மெத்தையில் படுத்துக்கொண்டு காதில் வயர் மாட்டிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். பிரசன்னா கேமை மூட்டை கட்டி ஆபீஸ் நண்பன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டான். அவ்வளவு ஒழுங்கு வந்துவிட்டது. கடைசியில் ஒழுங்காகப் பதிவு செய்துகொண்டிருந்தது தாரணி ஒருத்திதான். தினமும் ஆறு மணிக்கு, ஆர்டினரி, அரை மணி நேரம், நாலாம் நம்பர் லைன். கரூர்ப் பெண். மெதுவாகப் பேசுவாள். "அத்தை, ஆறு மணிக்கு எழுதிக்குங்க" என்பாள். இங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள். வந்ததும் முகம் கழுவிவிட்டு ஹாலில் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து அரை மணி நேரம் பாட்டுக் கேட்பாள். ஆறரைக்கு நான் போய் நிற்பேன். எழுந்து போய்விடுவாள். ஒரு நாள்கூடத் தொடரவில்லை.

இதற்கு என்ன குறை சொல்ல முடியும்? சொல்லுங்கள்.

சொன்னார்களே. கேளுங்கள்.

ஆடி இரண்டாம் வெள்ளி. சாயங்காலம் ஐந்தரை இருக்கும். ஆறு மணிக்கு அவள் லைன் என்பதால் நாலாம் பட்டனை முன்னாலேயே அமுக்கி வைத்துவிட்டேன். அவர் அந்த நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தாரணி அப்போதுதான் வந்து உள் அறையில் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. திடீரென்று ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். ஐந்து ஸ்பீக்கரிலும்.

"என்னடி, இன்னும் உங்க மாமியார்கிட்டச் சொல்லலையா? ஆடி முடிஞ்சதும் வீடு மாறணும்னே. அட்வான்ஸ் வேற கொடுத்தாச்சு. எப்பதான்டி சொல்லப் போறே?"

அவளுடைய அக்கா குரல். கரூரில் இருக்கிறாள். வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பியிருக்கிறாள். தாரணி உள்ளே அதை அமுக்கியிருக்கிறாள். அவள் போனுக்குள் சத்தம் வராது. போன் குமிழோடு சேர்ந்துவிட்டதே, சத்தம் இங்கேதான் வரும். அங்கே அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று மறுபடி அமுக்கியிருக்கிறாள். இங்கே மறுபடி, "என்னடி, இன்னும் உங்க மாமியார்கிட்டச் சொல்லலையா?" மூன்றாவது தடவையும் அதுவே. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மேசை விசிறியைச் சத்தமாக ஓட விட்டிருந்தாள். இல்லாவிட்டால் அவளுக்கே கேட்டிருக்கும்.

அவர் பேப்பரை இறக்கினார். "மாத்து" என்றார்.

"என்னத்தை?"

"பட்டனை மாத்தும்மா. அது அவ சொந்த விஷயம்."

தம்பி, என் சர்வீஸில் ஒருவர் பேச்சை ஒட்டுக் கேட்டேன் என்று ஒரு புகார் கிடையாது. வேலையில் சேர்ந்த அன்றைக்கே உறுதிமொழி எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். கலெக்டர் பேசியிருக்கிறார், கடத்தல்காரன் பேசியிருக்கிறான், எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் லைன் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது ஆபரேட்டரின் கடமை. அது ஒட்டுக் கேட்பது ஆகாது. நான் லைனைத்தான் பார்த்தேன். குரல் கொஞ்சம் கரகரப்பாக வந்தது. அதனால் வால்யூமைக் கொஞ்சம் கூட்டினேன்.

அப்போதுதான் அடுத்தது வந்தது. போனில் ஏதோ கோளாறு என்று நினைத்து, தான் அக்காவுக்கு அனுப்பியதையே போட்டுப் பார்த்திருக்கிறாள். தாரணியின் குரல். எனக்கு அவள் குரலை அவ்வளவு பெரிதாகக் கேட்டுப் பழக்கமில்லை.

"பயமா இருக்குக்கா. கத்துவாங்கன்னு இல்ல. கத்தினாப் பரவால்ல. நோட்டுல எழுதிக்குவாங்க. இந்த வீட்ல ஒரு பாட்டுக் கேக்கணும்னாலும் பேர் கொடுத்துட்டு உக்காந்திருக்கணும். ஆறரை ஆனா வந்து நிப்பாங்க. எனக்கு ஹால்ல சும்மா உக்காரணும்னு ஆசை. அவ்வளவுதான். கெட்டவங்க இல்லக்கா. கெட்டவங்களா இருந்திருந்தா எப்பவோ சொல்லிட்டுக் கிளம்பியிருப்பேன்."

முழுதும் வந்தது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். செருப்புகூடப் போடவில்லை. நான் இங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

கெட்டவங்க இல்லக்கா. அதைக் கவனித்தீர்களா? என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

அன்று ராத்திரி நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒன்றும் கேட்காத மாதிரியேதான் தோசை ஊற்றினேன். ஆனால் குறை என்று ஒன்று வந்துவிட்டால் சரிசெய்ய வேண்டும் அல்லவா? மறுநாள் காலையில் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னேன்: "இன்னையிலேருந்து தாரணிக்குப் பதிவு கிடையாது. நாலாம் நம்பர் லைன் அவளுக்கு ஹாட்லைன். எப்ப வேணும்னாலும், எவ்வளவு நேரம் வேணும்னாலும். யாரும் போய் நிக்க மாட்டாங்க."

என் சர்வீஸில் ஹாட்லைன் யாருக்குக் கொடுத்திருக்கிறோம் தெரியுமா? கலெக்டருக்கும் அணைக்கட்டு இன்ஜினீயருக்கும். அதை என் மருமகளுக்குக் கொடுத்தேன். யார் கொடுப்பார்கள்?

அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். மேசையில் நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த குமிழைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். முகம் எப்படிப் போய்விட்டது என்கிறீர்கள்! எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் பின்னாலேயே உள்ளே போய்விட்டு வந்து பிரசன்னாதான் கேட்டான். "அம்மா, நேத்து நீ கேட்டியா?"

"எதை?"

"தாரணி போன்ல வந்ததை."

"லைன் டெஸ்ட் பண்ணினேன்."

"அம்மா, நாலு பட்டன் இருக்கேம்மா. வேற ஒண்ணை அமுக்க வேண்டியதுதானே?"

என் விரல் அப்போது வால்யூமில் இருந்தது. பட்டன் பக்கத்தில் இல்லை. அதைத்தான் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு பெரிய தப்பா தம்பி? நான் போய் அவள் அறைக் கதவில் காதை வைத்தேனா? அவள் போனைத் திறந்தேனா? என் ஹாலில், நான் இணைத்த லைனில் வந்தது. ஒட்டுக் கேட்டது நானா, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னது அந்தக் குமிழா?

மன்னிப்புக் கேள் என்கிறார் என் வீட்டுக்காரர். மிச்ச ஆடி முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். எதற்கு? ஹாட்லைன் கொடுத்தேனே, அதற்கா?

ஆடியில் வீடு மாற மாட்டார்கள். அதனால் அந்த மிச்ச நாட்கள் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். தாரணி அத்தை என்றுதான் கூப்பிட்டாள், சோறு போட்டால் சாப்பிட்டாள். ஹாலில் மட்டும் உட்காரவில்லை. நாலாம் பட்டனை நான் காலையிலேயே அமுக்கி வைத்துவிடுவேன். ராத்திரி வரை அப்படியே இருக்கும். லைன் தயார். அவள் போனிலிருந்து அந்த ஜோடியையே அழித்துவிட்டாள் என்று பிரசன்னா பிற்பாடு சொன்னான். நான் அது தெரியாமல் தினமும் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆவணி பிறந்தது, சாமான் கட்டினார்கள். நான் தடுக்கவில்லை. அட்டைப்பெட்டிக்குக் கயிறுகூட நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முந்தாநாள் தாரணி குங்குமச் சிமிழோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அத்தை, ஞாயித்துக்கிழமை நீங்க வந்துதான் அடுப்புப் பத்த வைக்கணும்."

"பாக்கலாம். அன்னைக்கு ஒரு ஆள் வர்றாங்க" என்றேன்.

"நீங்க வந்தாதான் பத்த வைப்போம்" என்றாள். அவ்வளவு மெதுவாகப் பேசுகிறவள், இதை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

பாருங்கள், மறுபடி அடிக்கிறது. அவர்தான் அங்கிருந்து அடிக்கிறார். வேறு யார்? அடிக்கட்டும். ஆர்டினரி கால், காத்திருக்கட்டும். எடுங்கள் எடுங்கள் என்று நீங்கள் சொல்லாதீர்கள். வியாபாரம் பேசும்போது போன் எடுப்பது மரியாதை இல்லை.

இன்று காலைகூட அவர் வேட்டி கட்டிக்கொண்டு, விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றார். "ஆளை நாளைக்கு வரச் சொல்லலாமே" என்றார். "வாக்குக் கொடுத்தாச்சு" என்றேன். "நான் யார்கிட்டயும் வாக்குக் கொடுக்கலை, நான் போறேன்" என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். போகட்டும். தனியாக இருந்து பழக்கம்தான் எனக்கு. போர்டில் ராத்திரி ஷிப்டில் தனியாகத்தான் இருந்திருக்கிறேன்.

சரி, நீங்கள் வந்த காரியத்தைப் பேசுவோம். போட்டுக் காட்டுகிறேன். உங்கள் போனைக் கொடுங்கள்... இதோ, சேர்ந்துவிட்டது. ஏதாவது போடுங்கள். பாருங்கள், எப்படிக் கேட்கிறது! ஜன்னல் அதிர்கிறதா? இதைப் பழசு என்கிறான். எவ்வளவு கொடுப்பீர்கள் என்று பிறகு பேசலாம். முதலில் இதைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஏற்கனவே என்ன இருக்கிறது?

என்ன? ரிசீவர் இருக்கிறதா? அது கெட்டுவிட்டதா?

கெடவில்லை. நன்றாகத்தான் ஓடுகிறது. ம்ம். பிறகு இது எதற்கு?

டிவி ஒன்று. உங்கள் அப்பா கேட்கிற பழைய டேப் ஒன்று. உங்கள் வீட்டம்மாவின் போன் ஒன்று. ஓட்டை இரண்டுதான் இருக்கிறது, அதனால் பெரிதாக வாங்கலாம் என்று பார்த்தீர்கள். அடக் கடவுளே. தம்பி, இதிலும் இரண்டுதானே இருக்கிறது! இப்போதுதானே பின்னால் எட்டிப் பார்த்தீர்கள்? எண்ணிப் பாருங்கள் என்று சொன்னேனே? நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் எதற்கு?

பார்த்தீர்கள். ஆனால் சொல்லவில்லை. பெரியம்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள், குறுக்கே பேசக் கூடாது என்று இருந்துவிட்டீர்கள். நல்ல பிள்ளை.

இல்லை தம்பி. பணத்தை உள்ளே வையுங்கள். உங்களுக்கு இது தேவையே இல்லை. தேவை இல்லாததை விற்றால் தவறான நம்பருக்கு லைன் கொடுத்த மாதிரி. கும்பகோணம் கேட்டவருக்குச் சேலத்தைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க எனக்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டியது இந்தச் சின்னப் பெட்டி மட்டும்தான். அப்பாவின் டேப் முதல் ஓட்டையில், டிவி இரண்டில், போனுக்குக் குமிழ் வைத்து மூன்றில். வெளியே போகிற வயர் உங்கள் ரிசீவரில் எந்த ஜோடி காலியோ அதில். சிவப்புக்குச் சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை. செருகும்போது ரிசீவரை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டொம்மென்று ஒரு சத்தம் வந்து ஸ்பீக்கர் போய்விடும். மறக்க மாட்டீர்களே? பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குமிழையும் எடுத்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம் என்றால் வேண்டாம்.

குமிழை மட்டும் வேண்டாத நேரத்தில் அணைத்து வையுங்கள்.

ஆக, வியாபாரம் நடக்கவில்லை. மணி என்ன? பத்தேகால். நீங்கள் போய்விட்டால் நான் ஒருத்தி இங்கே உட்கார்ந்து... என்ன செய்வது? இந்த ரிசீவர் இங்கே சும்மா தூங்கும். அங்கே கே.கே.நகரில் அவன் மொட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு வாரம் தாங்குவான். அப்புறம் போய் அறுபதாயிரத்துக்கு ஒன்று வாங்குவான். எனக்குத் தெரியும் அவனை. நான் இருக்கும்போது அப்படி ஒரு வீண் செலவு நடக்கக் கூடாது.

தம்பி, அந்தப் பக்கம் பிடியுங்கள். முதலில் வயர்களைக் கழற்றிவிடுகிறேன். இருங்கள். உங்கள் வண்டியில் ஏற்றுங்கள். இல்லை இல்லை, உங்கள் வீட்டுக்கு இல்லை, கே.கே.நகருக்கு. வழி நான் சொல்கிறேன். ஐந்து ஸ்பீக்கரும் வரட்டும்.

ஸ்விட்ச் பெட்டி இல்லாமல் அங்கே எப்படி என்றா கேட்கிறீர்கள்? அது உங்களுடையது, கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எத்தனை சாமான்? டிவி ஒன்று. அவள் போன் ஒன்று. கேம் பெட்டி அந்த நண்பன் வீட்டோடு போய்விட்டது. அதற்கு அவர்களே ஒரு குமிழ் வாங்கி, அவர்களே அணைத்து அணைத்து வைத்துக்கொள்ளட்டும். சாமான் இரண்டு, ஓட்டை இரண்டு. நேராகச் செருகினால் போதும். நடுவில் ஆள் யாரும் வேண்டாம்.

பார்த்து, பார்த்து. அந்தப் பக்கம் கனம் அதிகம். செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் கதவைப் பூட்டிவிட்டு முன்னால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். பால் காய்ச்சுவதற்காக நான் வரவில்லை தம்பி, அதை நீங்கள் அங்கே யாராவது கேட்டால் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதை மாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பத்தான் வருகிறேன். பன்னிரண்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம் அல்லவா? தென்னூர் பக்கம் கூட்டமாக இருக்கும். கொஞ்சம் வேகமாகவே ஓட்டுங்கள்.